பதினேழாம் தாள்

தங்கையைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் பெரியவர் வேறு யாரையும் வாய் திறக்க விடமாட்டார். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தவர் அவர். இன்று அவள் சட்டக் கல்லூரியில் பேராசிரியை. பிறப்பைப் பார்த்து வீடு மறுக்கப்பட்டவர்களுக்காக வாதாடுகிறவள். பத்திரிகையில் அவள் படம் வந்த அன்று முடிவெட்டும் கடை வரைக்கும் போய்க் காட்டிவிட்டு வந்தார்.

அந்தத் தங்கை செவ்வாய்க்கிழமை மாலை ஒரு தாளோடு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணா, போன வாரம் மாடி வீட்டைப் பார்க்க யாராவது வந்தாங்களா?"

"வந்தாங்களே, ரெண்டு பேர். ரெண்டாவதா வந்தவன் தங்கமான பையன். ஏன்?"

"முதல்ல வந்தவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேசி முடிச்சாச்சுன்னு சொன்னேன்."

"முடிச்சிருந்தீங்களா?"

பெரியவர் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். அவள் தாளை மேசைமேல் வைத்தாள்.

அவளுடைய கல்லூரியில் நடக்கும் வேலை அது. ஒரே உத்தியோகம், ஒரே சம்பளம் உள்ள இருவரை ஒரு மணி நேர இடைவெளியில் ஒரே வீட்டை வாடகைக்குக் கேட்க மாணவர்கள் அனுப்புவார்கள். முதலில் போகிறவர் ஊரே ஒதுக்கிவைக்கிற குடியிருப்பைச் சேர்ந்தவர், அடுத்தவர் அப்படியல்ல. வெளியே வந்தவுடன் கேட்டதைக் கேட்டபடி எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அப்படி நாற்பது வீடு, நாற்பது தாள். பிறகு மறுத்தவரும் மறுக்கப்பட்டவரும் கல்லூரிக் கூடத்தில் எதிரெதிரே உட்காருவார்கள். உண்மையை ஒப்புக்கொண்டால் வழக்கு இல்லை. ஆனால் பேசியதெல்லாம் அறிக்கையில் ஏறும்.

இது பதினேழாம் தாள். 'உங்க ஆளுங்க இந்தத் தெருவுல யாராவது இருக்காங்களா?' என்று பெரியவர் கேட்டது அப்படியே இருந்தது. படியில் கால் வைத்தவரைக் கை நீட்டித் தடுத்ததும் இருந்தது.

"என் வீட்டையே வேவு பார்க்க ஆள் அனுப்பினாங்களா உன் பசங்க?"

"அனுப்பச் சொன்னதே நான்தான். நாற்பதுல ஒரு வீடாவது தேறட்டும், எங்க அண்ணன் வீட்டைச் சேருங்கன்னு மார்தட்டிச் சொன்னேன்."

அவள் சண்டைக்கு வந்திருந்தால் பெரியவர் சமாளித்திருப்பார். அவரை நம்பியல்லவா அனுப்பியிருக்கிறாள்!

"தாளை எடுத்துடும்மா," என்றார் மெதுவாக. "குடும்பப் பேரு சந்தி சிரிச்சுடும்."

"ஒண்ணை எடுத்தா மீதி முப்பத்தொன்பதையும் யாரு நம்புவாங்க? நீங்க என் அண்ணன்கிறதை மட்டும் பசங்க எழுதல. என் முகத்துக்காக விட்டுட்டாங்க. நானும் பேசாம இருந்துட்டேன். அதுவே எனக்குக் கூசுது."

சனிக்கிழமை காலை பெரியவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனார். சொந்த அண்ணன் விஷயம் என்பதால் தங்கை விசாரணை மேசையை விட்டு விலகி, கடைசி வரிசையில் மாணவர்களோடு இருந்தாள். விசாரணையை வேறொரு வழக்கறிஞரம்மா நடத்தினார். எதிரே அன்று முதலில் வந்தவர், மருத்துவமனைச் செவிலியர், சீருடையோடு உட்கார்ந்திருந்தார்.

'வயதான காலத்தில் ஏதோ ஞாபகப் பிசகு' என்று ஒரு வாக்கியத்தைப் பெரியவர் வீட்டிலேயே உருப்போட்டு வைத்திருந்தார். அதற்குள் செவிலியர் முந்திக்கொண்டார்.

"வணக்கம் ஐயா. முழங்கால் வலி தேவலையா? அன்னிக்கு நிக்கவே சிரமப்பட்டீங்க."

உருப்போட்டதைச் சொல்லப் பெரியவருக்கு மனம் வரவில்லை.

"வீடு அப்ப யாருக்கும் பேசி முடிக்கல," என்றார் பெரியவர். "நான் பொய் சொன்னேன்."

"ஏன்?" என்றார் வழக்கறிஞரம்மா.

"இவரு எந்தக் குடியிருப்புன்னு தெரிஞ்சதும்... நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு."

"எந்த நாலு பேர்? யாராவது கேட்டாங்களா?"

"யாரும் கேக்கலம்மா. அந்த நாலு பேரும் நானேதான்."

பின்வரிசையில் ஒரு மாணவன் சிரிப்பை அடக்கினான். பெரியவரின் காது மடல் சூடேறியது. எப்படியாவது இதை முடித்துவிடவேண்டும் என்று செவிலியர் பக்கம் திரும்பினார். "மாடி இன்னும் காலியாத்தான் இருக்கு. நாளைக்கே குடிவந்துடுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சொல்லி முடித்ததும் பெருந்தன்மை காட்டிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

"வேணாங்க ஐயா. சும்மா விசாரிக்கிற மாதிரி போய்ட்டு வாங்கன்னுதான் அனுப்பினாங்க. ஆனா வாசல்ல நின்னு பார்த்ததும், இங்கே குடியிருந்தா நல்லாயிருக்குமேன்னு நிஜமாவே ஆசைப்பட்டுட்டேன். அப்பத்தான் நீங்க கையை நீட்டினீங்க. தினம் அந்தப் படியில ஏற என்னால முடியாது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பெரியவருக்குத்தான் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வழக்கறிஞரம்மா எழுதியதைப் படித்துக்காட்டி, "வேற ஏதாவது சேர்க்கணுமா?" என்று கேட்டார். பெரியவர் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ மேடைகளில் நிமிர்ந்து நின்ற தங்கை தன் மடியைப் பார்த்துக் குனிந்திருந்தாள். அவள் தலையைக் குனிய வைத்தது எதிராளி வக்கீல் யாரும் அல்ல.

"சேர்க்கணும்மா. நான் உங்க பேராசிரியையோட கூடப்பிறந்த அண்ணன். அதை எழுதாம விட்டிருக்கீங்க."

பேனா நின்றது. மாணவர்கள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தார்கள். தங்கை எழுந்தாள்.

"எழுதுங்க," என்றாள். "மறைச்சது நான்தான்னும் எழுதுங்க."

எழுதி முடித்ததும் தாள் பெரியவரிடம் வந்தது. எதில் கையெழுத்திட்டாலும் அப்பா பெயரையும் முழுதாக எழுதுகிறவர், அன்று தன் பெயரை மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டார்.