இருபத்தோராம் பக்கத்து மண்

லண்டனுக்குப் போய்ப் பதிமூன்று வருஷம் கழித்து வந்திறங்கிய கவுஸ் பாஷா, அக்கா ரஹமத்துன்னிசாவுக்கு ஒரு சென்ட் பாட்டிலும் தன் கவிதைப் புத்தகமும் கொடுத்தான். சாயங்காலம் திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அதற்கு வெளியீட்டு விழா. சென்ட்டை அவள் அலமாரியில் வைத்தாள். புத்தகத்தைப் பிரித்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் இருபது பக்கம் பனி, தனிமை, பெயரை வாயில் போட்டு மென்று துப்பும் வெள்ளைக்காரர்கள். பாவம், பிள்ளை என்ன பாடுபட்டதோ என்று அவளுக்குக் கண் கலங்கத்தான் செய்தது. இருபத்தோராம் பக்கத்தில் அவர்களைப் பெற்ற அத்தா வந்தார். அத்தாவை அடக்கிய கபரில் தான் மூன்று பிடி மண் போட்டதாகவும், அந்த மண்வாசனை இன்னும் கையை விட்டுப் போகவில்லை என்றும், ரயிலில் அந்தக் கையை மோந்து மோந்து அழுவதாகவும் எழுதியிருந்தான்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தொன்பதில் அத்தா மதார் சாகிப் இறந்தபோது, 'வருகிறேன், காத்திருங்கள்' என்று இவனிடமிருந்து தந்தி வந்தது. அன்றைக்கே அடக்கியிருக்க வேண்டும். ஜமாத் பெரியவர்கள் திட்டத் திட்ட, ஐஸ் வைத்து மறுநாள் சாயங்காலம் வரை வைத்திருந்தார்கள். உருகி ஓடிய தண்ணீரைத் துடைத்துத் துடைத்து அவள் கை மரத்துப்போயிற்று. லண்டன் துரை வரவில்லை. மகன் போட வேண்டிய மண்ணை, அத்தாவோடு பூட்டுக் கடையில் வேலை பார்த்த சடையன் போட்டார்.

"நீ எப்படா மண்ணு போட்ட?"

"அக்கா, அது கவிதை. வர முடியாத வலியைத்தான் அப்படி எழுதினேன். லீவு கிடைக்கலைக்கா."

"லீவு கிடைக்கலைன்னு எழுதேன்! ஐஸ் தண்ணிய எங்க அக்கா தொடைச்சான்னு எழுதேன்! சடையண்ணன் கை மண்ண எடுத்து உன் கையில பூசிக்கிட்டியே, வெக்கமா இல்ல?"

"இன்னிக்கு அதைத்தான் மொதல்ல படிக்கச் சொல்லியிருக்காங்க..."

"படி. அதுக்கு முன்ன நெஜமாவே போட்டுட்டு வந்து படி. கிளம்பு."

ரிக்‌ஷா கபரஸ்தான் வாசலில் நின்றது. பெண்கள் உள்ளே போகும் வழக்கமில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, புத்தகமும் கையுமாக மதிலோரம் நின்றாள். பெற்ற தகப்பன் படுத்திருக்கும் இடத்தை அவள் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. போக ஆசைப்பட்டவளுக்கு வழியில்லை, வழியுள்ளவனுக்கு லீவில்லை.

கவுஸ் பாஷா பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். கல்லில்லை, பெயரில்லை. வெயிலில் காய்ந்த மண்மேடுகள், நடுநடுவே நெருஞ்சி. குனிந்து ஒரு பிடி மண் அள்ளினான். ஒரு மேட்டருகே போனான். திரும்பி இன்னொன்றின் அருகே நின்றான். பிறகு மண்ணும் கையுமாக வாசலைப் பார்த்தான்.

"அக்கா, அத்தா கபர் எது?"

ரஹமத்துன்னிசா புத்தகத்தை மதிலுக்கு மேலாக அவன் காலடியில் விட்டெறிந்தாள்.

"நீதான போட்ட? அதுல பாருடா!"