மே/பா பெரிய வூடு

நான் டைப் அடித்தால் மெஷினிலிருந்து புகை வரும். நம்பாதவர்கள், பெரம்பலூரில் ஜெகதாம்பாள் டீச்சரின் தட்டச்சுப் பள்ளியில் படித்தவர்கள் யாரையாவது பிடித்துக் கேட்டுக்கொள்ளலாம். 1978-இல் ஒரு நாள் நான் வேகத் தேர்வுக்குப் பழகிக்கொண்டிருந்தபோது, பக்கத்து டீக்கடைக்காரர் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை விழுகிறது என்று நினைத்து, காயப்போட்ட வேட்டியை எடுக்க ஓடினார். டீச்சர் ஒரு வாளித் தண்ணீரோடு என் பின்னாலேயே நின்றார். முப்பத்தொரு வருஷம் அரசாங்கத்துக்கு டைப் அடித்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், இதில் பொய் கொஞ்சம்தான். வாளி மட்டும் பொய்.

பள்ளிக்குச் சம்பளம் கட்ட எனக்கு வழி கிடையாது. அதற்குப் பதிலாகக் காலையில் போய் இடத்தைப் பெருக்கி, ஏழு மெஷினுக்கும் எண்ணெய் விட்டு, ரிப்பன் மாற்றுவேன். அதனால் என் பத்து விரல் நுனியும் எப்போதும் கருநீலமாக இருக்கும். எந்தச் சோப்புக்கும் அது அசையாது. "சோறு திங்கிறியா, மையி திங்கிறியாடா அரியமுத்து?" என்பாள் என் அம்மா பொன்னாயி.

எனக்கு அடுத்த மெஷினில் குழந்தைவேல். எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுச் செல்லப்பனின் ஒரே மகன். என் அப்பா பூமாலை அந்த வீட்டுப் பண்ணையாள். குழந்தைவேல் டைப் அடிப்பது கோழி தானியம் பொறுக்குகிற மாதிரி இருக்கும். ஓர் எழுத்தைக் கொத்துவான், தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்ப்பான், பிறகுதான் அடுத்த எழுத்து. டீச்சர் ஒவ்வொரு பிழைக்கும் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். பக்கத்துக்கு ஐந்து வட்டத்துக்கு மேல் போனால் பெயில். இவன் தாள் அம்மை போட்ட முகம்போல இருக்கும். அதனால் இவன் வீட்டுப் பயிற்சியையெல்லாம் நான்தான் அடித்துக் கொடுப்பேன். என் மாதிரி அடித்தால் டீச்சர் கண்டுபிடித்துவிடுவார் என்று, பக்கத்துக்கு மூன்று பிழையைக் கஷ்டப்பட்டு யோசித்துச் சேர்ப்பேன். தப்பாக அடிப்பதுதான் எவ்வளவு சிரமம்!

எங்கள் ஊர் ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் பக்கம். பெரம்பலூர் பஸ்ஸில் ஏறியதும் அவன் உட்காருவான், நான் நிற்பேன். கோட்டை கண்ணை விட்டு மறையும்வரை அவன் எனக்குச் 'சின்னய்யா'. மறைந்த அடுத்த விநாடி, "உக்காருடா" என்று நகர்ந்து இடம் விடுவான். அப்புறம் வாடா, போடா, ஒரே பொட்டலத்தில் கடலை. சாயங்காலம் திரும்பும்போது கோட்டை தலைகாட்டியதும் நான் எழுந்து நின்றுவிடுவேன். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனும் நானும் ஒருநாள்கூட இதைப் பற்றிப் பேசியதில்லை.

டைப் பாஸ் பண்ணியதும் இருவரும் திருச்சிக்குப் போய் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்தோம். விலாசம் எழுதும் இடத்தில் என் பேனா நின்றது. எங்கள் தெருவுக்குத் தபால்காரர் வரமாட்டார். எங்களுக்கு வரும் கடிதங்களைப் பெரிய வீட்டு முன்கட்டில் இருக்கும் நெல் அளக்கிற மரக்காலில் போட்டுவிட்டுப் போய்விடுவார். செல்லப்பன் பிரித்துப் படித்து, களத்தில் வைத்து விஷயத்தைச் சொல்வார். எங்கள் தெருவின் சாவும் கல்யாணமும் எங்களுக்கு முன்னால் அந்த மரக்காலுக்குத் தெரியும்.

"மே/பா போட்டு எங்கப்பா பேர எழுதுடா," என்றான் குழந்தைவேல். "வெறும் தெருப் பேரப் பாத்தா எவன் கூப்புடுவான்? எங்கப்பா பேரு இருந்தா ஒரு மதிப்பு."

மேற்பார்வை. அடடா, என்ன நண்பன்! ஒரு குடும்பத்தின் பெயரையே தூக்கிக் கொடுக்கிறான். மகிழ்ச்சியில் அந்த வரியை என் பெயரைவிடப் பெரிதாக எழுதிவிட்டேன். வாங்கிப் பார்த்த குமாஸ்தா, "உன் பேரு எங்கப்பா? மே/பாதான் தெரியுது," என்றார்.

வருஷம் ஒன்று ஓடியது. இன்டர்வியூவுக்குக் கூப்பிடும் கார்டு வரவில்லை. அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆடிக்குள்ள ஒண்ணும் வல்லேன்னா பெரிய வூட்டு ஏரப் புடிச்சுடு. ஆளு பத்தலன்னு ஆண்டை சொல்லிக்கிட்டே இருக்காரு," என்றார். என் கருநீல விரல்களைப் பார்த்தேன். ஏர் பிடித்தால் ஒரு மாதத்தில் அந்த நிறம் போய்விடும். அப்புறம் நான் டைப் படித்தவன் என்பதற்கு ஊரில் எந்தச் சாட்சியும் இருக்காது.

ஆனி மாதக் கடைசியில் குழந்தைவேலுக்கு ஒரு கார்டு வந்தது. அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. ஒரே ஓர் இடம்.

"நீயும் கூட வாடா. தனியாப் போனா எனக்கு ஒரு எழுத்தும் வராது."

"எனக்குக் கார்டு வல்லயா, சின்னய்யா?" கோட்டை தெரிகிற இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

"மரக்கால்ல ஒண்ணுதான் கெடந்துது."

போனேன். லப்பைக்குடிக்காட்டு சைபுல்லா கடையில் அவன் வாங்கிய துபாய் ஜிப் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அதில் அவன் சர்டிபிகேட்டெல்லாம் இருந்தது. அந்த ஜிப்பை இழுத்தால் ஜெயங்கொண்டம் வரை கேட்கும், அப்படியொரு சத்தம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை கைக்குழந்தைபோல அதை அணைத்து வந்தேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் குழந்தைவேல் என் பக்கம் திரும்பி, எதையோ சொல்ல வாயெடுத்து, மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினான். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன். பாவி, அதையும் வாங்கி முகர்ந்துகொண்டான்.

கம்பெனி வாசலில் வேப்பமரத்தடி. சுற்றிலும் மரம், மாடு, மனிதன் எல்லாம் சுண்ணாம்புத் தூள் படிந்து வெள்ளை வெளேரென்று இருந்தன. காக்கையே கொக்கு மாதிரித்தான் இருந்தது. முப்பது பேர் காத்திருந்தோம். அமாவாசை என்கிற பியூன் வெளியே வந்து பெயர் வாசித்தார்.

"அரியமுத்து! மே/பா செல்லப்பன்!"

நான் சிரித்துவிட்டேன். ஒருவனைப்போல உலகத்தில் ஏழு பேர் இருப்பார்களாமே, என் பெயரிலும் இன்னொருவன் போல. ஆனால் அவனுக்கும் ஒரு செல்லப்பனா? அமாவாசை ஊர்ப் பெயரையும் சேர்த்து வாசித்தார். எழுந்தேன்.

"நாந்தாங்க."

"கார்டு?"

"எனக்குக் கார்டு வல்லீங்களே."

"வல்லயா? யோவ், ரெண்டு கார்டு. ஒரே வெலாசம். நானே எச்சி தொட்டு ஸ்டாம்பு ஒட்டி ஒரே பொட்டியில போட்டேன். ஒண்ணு வந்து ஒண்ணு நடுவுல எறங்கிப் போயிடுமா?"

குழந்தைவேலைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த பையைப் பார்த்தான்.

ஜிப்பை இழுத்தேன். அவனுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்குப் பின்னால், ஓரம்கூட மடங்காமல், என் கார்டு இருந்தது. என் வேலையை நானே மடியில் வைத்து, ஆடாமல் அசையாமல் முப்பது கிலோமீட்டர் சுமந்து வந்திருக்கிறேன்.

"குடுக்கலாம்னுதான்டா இருந்தேன்," என்றான் மெதுவாக. "இல்லேன்னா எதுக்குக் கொண்டாறேன்? ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நெனச்சேன்."

"எலுமிச்சம்பழத்தக் குடு," என்றேன். வேறு எதைக் கேட்பது என்று அப்போது தோன்றவில்லை. கொடுத்துவிட்டான்.

உள்ளே மேனேஜர் ஒரு பக்கத்தைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் அடித்து நீட்டினேன். இது மிகையில்லை, அவர் நன்றாகவே துடைத்தார். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு பிழை இல்லை. திருப்பிக்கூடப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது அகப்படுமா என்று. பிறகு அவர் பார்வை தாளிலிருந்து என் விரலுக்கு இறங்கியது. அங்கிருந்து என் டயர் செருப்புக்கு.

"இன்டர்வியூவுக்கு வர்றப்ப கையக் கழுவிக்கிட்டு வரத் தெரியாதா?"

"ரிப்பன் மையிங்க சார். போவாது."

"அப்பா என்ன பண்றார்?"

"பண்ணை வேலைங்க."

"யார்கிட்ட?"

"மே/பாவுல இருக்கிறவர்கிட்டங்க சார்."

அவர் பட்டியலைப் பார்த்து, அதே விலாசத்தில் இருந்த குழந்தைவேலை உள்ளே கூப்பிடச் சொன்னார். குழந்தைவேலின் விரல்கள் உரித்த பூண்டுப் பல்போலச் சுத்தமாக இருந்தன. காலில் பளபளவென்று ஷூ. "உக்காருங்க தம்பி," என்றார் மேனேஜர். எனக்கு யாரும் சொல்லாததால் நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இவரத் தெரியுமில்ல? கம்பெனி கடிதம், டெண்டரு எல்லாம் கையில வர்ற வேலை. நம்பி விடலாமா?"

ஒரு 'ஆமாம்' போதும். அதை அடிக்க மெஷினில் நான்கு தட்டு ஆகுமா? நான் அவன் வாயைப் பார்த்தேன். என்னோடு மூன்று வருஷம் கடலை பங்கு போட்ட வாய்.

"எங்க பண்ணையாளு மவன் சார்," என்றான் குழந்தைவேல். "நல்லவன்தான். ஆனா…"

"ஆனா?"

"வூட்டுக்குள்ள விட்டதில்லீங்க. அதனால நம்பலாமா என்னான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

அவன் சொன்னதில் ஓர் எழுத்துப் பொய் இல்லை. அதுதான் இன்றைக்கும் எரிகிறது. பொய் சொல்லியிருந்தால், அடப் பொய்க்காரா என்று நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன்.

மேனேஜர் புரிந்ததுபோலத் தலையாட்டினார். என் தாளை மடித்து, மேஜை ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் செருகினார். குழந்தைவேலுக்கு டைப் வைக்கவே இல்லை. அவன் அப்பாவுக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்டார், போகச் சொன்னார்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் காலியாக இருந்தது. குழந்தைவேல் ஜன்னலோரம் உட்கார்ந்து நகர்ந்து இடம் விட்டான். நான் பையை அவன் மடியில் வைத்தேன்.

"உங்க பைங்க, சின்னய்யா."

"உக்காருடா."

"இருக்கட்டுங்க."

"ஏன்டா? கோட்டைக்கு இன்னும் அம்பது கிலோமீட்டர் கெடக்குடா!"

"எனக்கு இங்கேருந்தே தெரியுதுங்க, சின்னய்யா."

அத்தனை இருக்கை காலியாக இருக்க, ஊர் வரை நின்றுகொண்டே வந்தேன். கண்டக்டர் இரண்டு தரம் கேட்டார், எனக்கு ஏதாவது கட்டியா என்று.

ஆடி பிறந்து பத்து நாள். நான் பெரிய வீட்டுக் கொல்லையில் ஏர் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா வரப்பில் வந்து நின்று ஒரு கவரை நீட்டினார். வழக்கம்போலப் பிரித்திருந்தது.

"பெரியவரு படிச்சுட்டாரு. வேல இல்லியாம்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டு, "அவரு புள்ளைக்குக் கெடச்சு, போயிச் சேந்துட்டாராம்," என்றார்.

கம்பெனிக் கடிதம். 'தங்களைத் தேர்வு செய்ய இயலாமைக்கு வருந்துகிறோம்.' கீழே மூலையில், யார் அடித்தது என்று காட்ட டைப்பிஸ்ட்டின் தலையெழுத்துகள்: கு.வே.

வேலையில் சேர்ந்து அவன் அடித்த முதல் கடிதங்களில் ஒன்று எனக்கு வந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் குடிசைக்கு வெளியே குந்தி, ஜெகதாம்பாள் டீச்சர் எனக்குக் கொடுத்திருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தேன். என் விரல் நுனியில் நீலம் அதற்குள் பாதி வெளுத்திருந்தது. டீச்சர் செய்கிற மாதிரியே மேலிருந்து கீழாக வட்டம் போட்டுக்கொண்டு வந்தேன். 'வருந்துகிறோம்' என்பதில் மட்டும் மூன்று பிழை. என் பெயரில் இரண்டு. மொத்தம் பத்தொன்பது. பெயில், பெயில், மூன்று தடவை பெயில். விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா பயந்து எட்டிப் பார்த்தாள்.

பிறகு விலாசத்துக்கு வந்தேன். அதில் ஒரு வரி மட்டும் சுத்தமாக இருந்தது. எழுத்து ஏறவில்லை, இறங்கவில்லை, ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. மே/பா செல்லப்பன்.

அந்தக் கடிதத்திலேயே பிழையில்லாத வரி அது ஒன்றுதான். பென்சிலை அழுத்திப் பிடித்து அதைத்தான் கோடு போட்டு அடித்தேன், தாள் கிழிகிற வரைக்கும்.