ஞாயிறு அல்லாத படங்கள்

கூடத்தில் இருந்தவர்கள்: கண்ணாடிப் பெட்டிக்குள் தணிகாசலம், வயது ஐம்பத்து நான்கு, விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர், நிமிரவில்லை. தலைமாட்டில் அவர் மனைவி கலைமணி. கலைமணியின் அண்ணன் புருஷோத்தமன், ஒரு கையில் போன், மறு கையில் டீ. அக்கம்பக்கத்துப் பெண்கள் பதினோரு பேர், அதில் அழுதவர்கள் நான்கு பேர். வாசலில் ஷாமியானா கட்டுகிற இருவர்.

மகள் மஞ்சுளா கூடத்தில் இல்லை. உள் அறையில் கட்டில்மேல் உட்கார்ந்து, லேப்டாப்பில் அப்பாவின் படங்களைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அஞ்சலி பிளெக்ஸுக்கு நல்லதாக ஒரு படம் வேண்டும். அதோடு அப்பாவின் மொத்த ஆல்பத்தையும் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு லிங்க்காக அனுப்ப வேண்டும். இரண்டும் மாமாவின் உத்தரவு. மஞ்சுளாவுக்கு இது பெரிய வேலை இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவள் குவாலிட்டி செக்கிங். ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸில் கீறல் தேடுகிற கண். வீட்டில் மூன்று போன்களின் படங்களும் அவள் சந்தா கட்டும் ஒரே கிளவுட் கணக்கில்தான் போய்ச் சேரும். அப்பாவின் போன் நிறைந்து அடம்பிடித்தபோது, 'இடத்தைக் காலி செய்' என்கிற பட்டனை அவள்தான் காட்டிக்கொடுத்தாள். அமுக்கினால் போனிலிருந்து படம் போய்விடும், மேலே பத்திரமாக இருக்கும் என்று சொல்லியும் கொடுத்தாள். அவர் தலையாட்டினார். அன்றிலிருந்து ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மாத்திரை போடுவதுபோல அந்தப் பட்டனை அமுக்குவார்.

அவள் சொன்னதில், படம் போய்விடும் என்ற பாதியைத்தான் அப்பா காதில் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்பது இப்போது தெரிந்தது.

அவருடைய படங்கள் எல்லாமே ஞாயிற்றுக்கிழமையில்தான் இருக்கவேண்டும். அவர் வேலை பார்த்த கார் சீட் கம்பெனியில், கேட்டிலேயே செக்யூரிட்டி போனின் கேமரா மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவான். ஷிப்டு முடிந்து பிய்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒட்டியது அப்படியே இருந்தால் மறுநாள் வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம் என்று யாரும் பிய்ப்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பிய்த்து, திங்கட்கிழமை காலை மறுபடி ஒட்டிக்கொள்கிற ஜனம் அது. பதினாலு வருஷமாக அப்பாவின் ஆல்பம் அப்படித்தான் இருந்தது. ஏழு நாளுக்கு ஒருமுறை நாலு படம். கோயில், கல்யாணம், குழாய் ரிப்பேர்.

இந்த மார்ச் மாதத்திலிருந்து அப்படி இல்லை. செவ்வாய், காலை பதினொன்று பத்து. புதன், பன்னிரண்டரை. வியாழன், இரண்டே கால். மணிமங்கலம் ஏரிக்கரை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பெஞ்ச். படப்பையில் கல் நட்டு வர்ணம் அடித்த மனைகளில் மேய்கிற மாடு. எல்லா நாளும் ஷிப்டு நேரம்.

அவள் எழுந்துபோய் ஆணியில் மாட்டியிருந்த ஷிப்டு பையைத் துழாவினாள். டிபன் டப்பாவுக்கு அடியில் ஒரு பட்டை அகப்பட்டது. ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கிற வெறும் சிவப்பு வட்ட ஸ்டிக்கர்கள். பாதி தீர்ந்திருந்தது. கம்பெனி ஸ்டிக்கரில் அந்த வாரத் தேதி அடித்திருக்கும். இதில் எதுவும் இல்லை. நாலு மாதமாகத் தினமும் சாயங்காலம் அப்பா இந்த ஸ்டிக்கர் ஒட்டிய போனோடுதான் வீட்டுக்குள் வந்தார், அவளும் பார்த்தாள். கீறல் தேடுகிற கண் என்று பேர்.

அவள் கதவை ஒருக்களித்துவிட்டு வனமாமலைக்குப் போன் போட்டாள். அப்பாவோடு லைனில் நின்றவன், நாங்குநேரிப் பக்கத்து ஆள், ஒரகடத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவன்.

"அண்ணே, தணிகாசலம் பொண்ணு பேசுறேன். அப்பா காலைல தவறிட்டாரு."

"ஏ தங்கச்சி, என்ன சொல்லுத?" தூக்கம் கலைந்த குரல். "நேத்துகூடப் பேசுனாரே."

"ஒண்ணு மட்டும் சொல்லுண்ணே. அப்பா வேலைக்கு வந்துகினு இருந்தாரா?"



"அந்த லைன மூடி நாலு மாசம் ஆச்சும்மா. காண்ட்ராக்ட் ஆளுவ முப்பது பேரையும் நிப்பாட்டிட்டாவ. பெர்மனென்ட் ஆளுன்னு என்ன மட்டும் வேற லைனுக்கு மாத்துனாவ. வீட்டுல சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாருல்லா. பி.எப். பணத்த எடுத்துத்தான் சம்பளம்னு குடுத்தாரு. வேற எடமும் பாத்தாரு. அம்பது தாண்டுன ஆள எவன் எடுப்பான்?"

"சரி. ரூம்ல எத்தினி பேரு கீறீங்க?"

"அஞ்சு பேரு. ரெண்டரைக்குத்தான் ஷிப்டு."

"அஞ்சு பேரும் யூனிபார்ம்ல வரணும். ஐடி கார்டு வெளிய தெரியணும்."

"அதுல ரெண்டு பேரு புதுசு. அவனுவளுக்கு அண்ணன யாருன்னே தெரியாதும்மா."

"சொல்லிக் குடுத்துக் கூட்டினு வா."

போனை வைத்ததும் மாமா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "மஞ்சு, படம் இன்னா ஆச்சு? நான் அப்படியே கம்பெனிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேன். பதினாலு வருசம் ஒழச்ச ஆளு மச்சான். மேனேஜர் மாலையோட வரணும். கம்பெனி பஸ்ஸு நம்ம தெருவுல வந்து நிக்கணும். அப்பத்தான் இவனுங்களுக்குத் தெரியும் எங்க மச்சான் யாருன்னு."

"கேட்டத் தாண்ட மாட்ட மாமா. உன் போன்ல ரெண்டு பக்கமும் ஸ்டிக்கர் ஒட்டி, பேரு எழுதி, பெஞ்சில ஒக்கார வெச்சிருவான். நீ திரும்பி வரதுக்குள்ள நாங்க எடுத்துருவோம். நான் லைன்ல பேசிட்டேன். ஆளு வராங்க."

"பேசிட்டியா? யாராண்ட?"

"யாராண்ட பேசணுமோ அவங்களாண்ட. நீ போயி பிளெக்ஸ் வேலயப் பாரு. படத்த கடைல ஷெர்லினுக்கு அனுப்புறேன்."

மாமா போனார். போகும்போது, "ஆல்பம் லிங்க்கு எங்கன்னு குரூப்ல கேட்டுகினே கீறாங்க" என்றார்.

அவள் அவசரப்படவில்லை. மார்ச்சிலிருந்து ஞாயிறு அல்லாத படங்களை மட்டும் தேர்ந்தெடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு. டவுன்லோட் கொடுத்தாள். இரண்டு பொட்டலமாக இறங்கியது. பிரித்து, மாத வாரியாக நாலு ஃபோல்டரில் போட்டு எண்ணினாள். நானூற்று ஒன்பது. மூன்று குறைந்தது. தேடினாள். மூன்றும் வீடியோ, தனியாகக் கிடந்தன. அவற்றையும் சேர்த்து மறுபடி எண்ணினாள். எண்ணிக்கை நின்ற பிறகுதான் மேலே இருந்தவற்றை அழித்தாள். குப்பைத்தொட்டிக்குள் போய் அங்கேயும் அழித்தாள். ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். ஏழு நாளுக்கு ஒருமுறை நாலு படம். கோயில், கல்யாணம், குழாய். லிங்க்கைக் குழுவில் போட்டாள். உடனே கைகூப்புகிற பொம்மைகள் வரிசையாக விழ ஆரம்பித்தன.

பிளெக்ஸ் படம்தான் இழுத்தடித்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா எல்லாப் படத்திலும் பாதிக் கண்ணோடு இருந்தார். வாரத்தின் தூக்கம் முகத்தில் வீங்கிக் கிடந்தது. ஃபோல்டரில் ஒரே ஒரு படம், ஏரிக்கரையில் அவரே எடுத்துக்கொண்டது, ஒரு செவ்வாய்க்கிழமை. கண் முழுதாகத் திறந்திருந்தது. பல் தெரிந்தது. இரண்டு படங்களை அனுப்பினாள், ஞாயிறு ஒன்று, இது ஒன்று.

படப்பை பிளெக்ஸ் கடையிலிருந்து ஷெர்லின் கூப்பிட்டாள். "அக்கா, மொத படத்துல அங்கிள் தூங்கி வழியிறாரு. ரெண்டாவத எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோ."

"உங்க மாமா இங்கதான் கீறாரு. கம்பெனி யூனிபார்ம் போட்ட மாதிரி பண்ணணுமாம். சட்டைய மாத்திடவா?"

"மாத்திடு."

"பின்னாடி ஏரி தெரியுதுக்கா."

"அத எடுத்துரு."

பிளெக்ஸ் பன்னிரண்டரைக்கு வந்தது. ஆறடி உயரத்தில், யாரோ ஒருவனின் சாம்பல் நிற யூனிபார்முக்கு மேல் அப்பாவின் செவ்வாய்க்கிழமைத் தலை. ஒரு மணிக்கு ஐந்து பேர் அதே சாம்பல் நிறத்தில் மாலையோடு வந்தார்கள். புதியவர்களில் ஒருத்தன் கண்ணாடிப் பெட்டியையும் பிளெக்ஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சொல்லிக் கொடுத்ததை மாமாவிடம் ஒப்பித்தான். "தணிகாசலம் அண்ணன் இல்லாம லைனே ஓடாது சார்." மாமா அவன் தோளில் கை போட்டுக்கொண்டு தெருவையே ஒரு பார்வை பார்த்தார்.

வனமாமலை மஞ்சுளாவைத் தாண்டும்போது நிற்காமல், "கச்சிதமாத்தான் இருக்கு" என்றான்.

கலைமணி மட்டும் பிளெக்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எடுக்கும்வரை அந்தப் பார்வை மாறவில்லை.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். சத்தம் தெருமுனை தாண்டியதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். கலைமணி குளித்து, ஈரத்தலையோடு உள் அறைக்கு வந்தாள்.

"அந்தப் படம் எப்ப எடுத்தது?"

"ஒரு ஞாயித்துக்கிழம."

"ஞாயித்துக்கிழம மூஞ்சி எனக்குத் தெரியாதாடி?"

மஞ்சுளா துப்பட்டா நுனியால் லேப்டாப் திரையைத் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"அது மாதிரி மத்ததெல்லாம் அழிச்சிட்டியா?" என்றாள் கலைமணி.

"மேல அழிச்சிட்டேன். இதுல கீது. நானூத்திப் பன்னெண்டு."

"எத அமுக்கணும்?"

"இந்த அம்பு. அமுக்கிகினே போ."

மஞ்சுளா முதல் படத்தைத் திறந்துவிட்டு எழுந்தாள். ஸ்டேஷன் சிமெண்ட் பெஞ்ச் மேல் டிபன் டப்பா, மூடி திறந்து. புளிச்சாதம், ஓரத்தில் உருளைக்கிழங்கு. கலைமணி லேப்டாப்பைச் சூடான பாத்திரம்போல இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அம்பை அமுக்கினாள். ஏரிக்கரை, அதே டப்பா. அமுக்கினாள். புளியமரத்து வேர், டப்பா.

"நீ வெளிய போயி யாராவது வந்தா பாரு" என்றாள்.

மஞ்சுளா வெளியே வந்தாள். பின்னால் கதவு சாத்தப்பட்டு, உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.