கனவுக்குத் தைத்த பூட்ஸ்

எங்கள் ஹெல்ம் ஊரில் கெட்ட கனவு கண்டவர்கள் விடிந்ததும் மூன்று பேரைத் தேடிப் பிடிப்பார்கள். அந்த மூவர் முன்னால் உட்கார்ந்து, கண்டது எதுவானாலும் "நல்ல கனவு கண்டேன்" என்று ஏழு தடவை சொல்ல வேண்டும். ஏழு தடவையும் மூவரும் "நல்லதுதான், நல்லதாகவே ஆகட்டும்" என்பார்கள். மற்ற ஊர் யூதர்கள் அதோடு எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மூளை கொஞ்சம் அதிகம். வினையே அதுதான்.

அன்று காலை மிந்தில் வந்தாள். வாத்து இறகு அடைத்துத் தலையணை தைத்து விற்பவள். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவள் மகள் பைலே ஜுரத்தில் போய்விட்டாள், நாலு வயதில். ஜெபக்கூடத்து அடுப்பருகே நாங்கள் மூவர் இருந்தோம்: தண்ணீர் சுமக்கும் யோய்னே, குளியல்கூடத்து லைபுஷ், செருப்புத் தைக்கிற கெட்ஸல், அதாவது நான். எதிரே உட்கார்ந்தவளுக்கு முதல் தடவையே நாக்கு எழவில்லை.

"பொய் சொல்ல வரல கெட்ஸலண்ணே. பனியில வெறுங்காலோட நிக்கிறா. உள்ள வா கண்ணுன்னா, கால் எரியுதும்மாங்குறா. தெனமும் இதேதான். ஒரே ஒரு தடவ மடியில தூக்கி வச்சுக்கணும்ணே, வேற ஒண்ணும் வேணாம்."

"பனிதான பிரச்சன? நான் கனவுக்குள்ள போயி தள்ளிட்டு வரேன்" என்றான் யோய்னே. மண்வாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே பெஞ்சில் மதியம்வரை தூங்கினான். விழித்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது.

"நல்லாத்தான் தள்ளினேன். ஆனா அது என் மாமியா வீட்டு முற்றம்."

"முழிச்சிருக்கப்ப ஒரு துரும்பக் கிள்ளிப் போட்டிருப்பியா அந்தம்மாவுக்கு?" என்றான் லைபுஷ்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. குளிருவது காலுக்கு. காலுக்கென்று ஊரில் நான் ஒருவன் இருக்க, மண்வாரிக்கு அங்கே என்ன வேலை? பைலே இருந்தபோது அவளுக்குத் தைத்ததும் நான்தான். அவள் கால் அளவு மர அச்சு என் பெட்டியிலேயே கிடந்தது. அதே அச்சில், உள்ளே ஆட்டு ரோமம் வைத்து, பொழுது சாய்வதற்குள் ஒரு ஜோடி பூட்ஸ் தைத்துவிட்டேன். வேறு ஊராக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"தலகாணிக்கு அடியில வச்சுப் படு, தாயி. வந்து நின்னதும் எடுத்துக் குடு."

மறுநாள் காலை பூட்ஸைக் கையில் பிடித்தபடி வந்தாள்.

"வரலியா?"

"வந்தா. பூட்ஸப் பாத்ததும் ஓடி வந்து மடியில ஏறிக்கிட்டா. போட்டுப் பாத்தேன். ஏறல."

"ஏறலியா? முப்பது வருஷமா தைக்கிறேன். என் அளவாவது தப்புறதாவது!"

"அளவு தப்பலண்ணே. அவ வளந்துட்டா."

மிந்தில் அழுதாள், சிரிக்கவும் செய்தாள்.

"ரெண்டு விரக்கட வளந்திருக்காண்ணே. அங்கயும் யாரோ சோறு போட்டு நல்லாத்தான் பாத்துக்கிறாங்க."

நான் அழுதேன். சொல்வதில் எனக்கென்ன வெட்கம்?

பத்து வருடம் ஆகிறது. பாஸ்கா பண்டிகைக்கு முன்னால் வருடத்துக்கு ஒரு ஜோடி தைக்கிறேன், முந்தினதைவிடக் கொஞ்சம் பெரிதாக. பைலேக்குப் பத்தாமல் போன ஜோடியை ஊரில் வெறுங்காலோடு திரிகிற பிள்ளை எதற்காவது மாட்டிவிடுகிறாள் மிந்தில். இந்த வருடம் என்னடாவென்றால், குதிகால் உயர்த்தி வேண்டுமாம், மகள் கேட்கிறாளாம். பதினாறு வயதுப் பெண்ணுக்குக் குதிகால் எதற்கு என்று ஒரு வாரமாக மிந்திலோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.