வேறொரு கை தொட்ட கிட்டார்

மனைவியின் கிட்டாரை வேறு யாரோ தொட்டிருக்கிறார்கள் என்பது பெட்டியைத் திறந்ததுமே மெக்கானிக்குக்குத் தெரிந்துவிட்டது.

கிட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார் அவர். மனைவிக்குப் பகலில் பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் லேபில் வேலை. சனிக்கிழமைகளில் ஒரு சின்ன இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் மூன்றாம் கம்பி சுருதி விலகிவிடுகிறது என்று பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நாளைக்குப் பாக்கறேன்" என்று அவரும் பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று என்னவோ மனசாட்சி உறுத்த, அவளுக்குத் தெரியாமல் சரிசெய்து வைத்துவிடலாம் என்று கிட்டாரை எடுத்தார்.

கழுத்தின் மேல்முனையில், ஆறு கம்பிகளும் உட்கார்ந்து போகிற சின்னக் குறுக்குத் துண்டை நட் என்பார்கள். அதன் பள்ளத்தில் கம்பி சிக்கினால் சுருதி நிற்காது. அவள் கிட்டாரில் இருந்தது மலிவான பிளாஸ்டிக் நட். இப்போது அந்த இடத்தில் எலும்பில் செதுக்கிய புது நட் இருந்தது. பள்ளங்கள் ஒவ்வொன்றும் அந்தந்தக் கம்பிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

கம்பிகளின் மறுமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜில், சுருதியை ஏற்றி இறக்கி ஆட்ட ஒரு கைப்பிடி இருக்கும். அதை அடிவரை அமுக்கி விட்டார். கம்பிகள் துவண்டு தொங்கி மறுபடி நிமிர்ந்தன. சுருதி அசையவில்லை. பூதக்கண்ணாடியை வைத்து ஒரு கீறலாவது, ஒரு பிசிறாவது கிடைக்குமா என்று தேடினார். கிடைத்திருந்தால் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

"கிட்டார் இப்ப எப்படி இருக்கு?" என்று சாப்பிடும்போது கேட்டார்.

"நல்லா நிக்குதுங்க" என்றவள் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்புதான் அவரைப் படுத்தியெடுத்தது. கட்டின புருஷன் ஊருக்கெல்லாம் கிட்டார் பார்க்கிறவனாக இருக்க, இவள் எவனிடமோ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அவனும் சும்மா இல்லை, ஆற அமர உட்கார்ந்து இழைத்திருக்கிறான். ஒருத்தருக்காக இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்வதென்றால் என்ன அர்த்தம்?

பெரிய தெருவில் புதிதாக ஒரு கடை வந்திருந்தது. அங்கே ரிப்பேர் செய்கிறவன் குடுமி போட்ட வாட்டசாட்டமான ஆள். மறுநாள் கம்பி வாங்குகிற சாக்கில் மெக்கானிக் அங்கே போனார். சுவரில் தொங்கிய கிட்டார்களின் நட்டுகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். எல்லாம் அரைகுறை வேலை. ஒன்றில் பசைகூடப் பிதுங்கிக் காய்ந்திருந்தது. நட் போட்டது குடுமிக்காரன் இல்லை என்றானதும் அப்பாடா என்றிருந்தது. தெருமுனை திரும்புவதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது. அப்படியென்றால் யார்?

வீட்டுக்கு வந்து நேராகவே கேட்டார்.

"உன் கிட்டாருக்கு நட் போட்டது யாரு?"

"நான்தான்."

"வெளையாடாத."

"நெசமாத்தாங்க. உங்க கடையிலேர்ந்து எலும்புத் துண்டு எடுத்துட்டுப் போயி, மதியம் சாப்பாட்டு நேரத்துல லேப்ல உக்காந்து தேய்ச்சேன். நாளெல்லாம் பல்லு செதுக்கறேன், இது வராதா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா பிரிச்சுப் பாத்து ஏதாவது நொட்டை சொல்லுவீங்க."

வேற்று ஆண் இல்லை என்றானதும் ஆறியிருக்க வேண்டிய வயிறு இன்னும் அதிகமாக எரிந்தது. இவ்வளவு காலம் அரம் பிடித்த தன் கைக்கு வராத வழுவழுப்பு, டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டுத் தேய்த்தவள் கைக்கு எப்படி வந்தது?

அடுத்த வாரம் அவளுடைய குழுவில் வாசிக்கும் சுருட்டை கடைக்கு வந்தான். தலைமுடியால் வந்த பெயர்.

"அண்ணே, அக்கா கிட்டார் இப்ப எவ்ளோ ஆட்டினாலும் சுருதி விலக மாட்டேங்குது. எனக்கும் அதே மாதிரி பண்ணிக் குடுங்கண்ணே."

அதைச் செய்தது நான் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. "பண்ணிடலாம்" என்றார்.

மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, மனைவி செய்ததைவிடச் சிறப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு நட் செதுக்கினார். சுருட்டை வாங்கிப்போனான், சுருதி நிற்கவில்லை என்று திரும்பி வந்தான். பள்ளங்களைத் திரும்ப இழைத்துக் கொடுத்தார். மறுபடியும் வந்து, கிட்டாரைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

அந்தச் சனிக்கிழமை ஒத்திகை முடிந்து நேரே கடைக்கு வந்த மனைவி பையைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணன் உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா பண்ணிட்டாருன்னு சுருட்டை கொறைபட்டுக்கறான். என் நட்ட நீங்க பண்ணதாவா சொன்னீங்க?"

"நான் சொல்லல. அவனா நெனச்சுக்கிட்டான்."

"நீங்களும் விட்டுட்டீங்க."

"ஆமா" என்றார். கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டு, "உன்னுது மாதிரி எனக்கு வரல. அதான் வாய் வரல" என்றார்.

அவள் சண்டை போடவில்லை. "அவன் கிட்டார் எங்க?" என்று கேட்டு, மடியில் வைத்து வாசித்தாள். கைப்பிடியை அமுக்கி விட்டு மறுபடி வாசித்தாள்.

"நட் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு கம்பி மட்டும் விலகலையே, ஆறும் சேந்துல்ல எறங்குது?"

மெக்கானிக் கிட்டாரை வாங்கி ஒருமுறை மீட்டினார். கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆறும் சேர்ந்து இறங்கினால் கோளாறு பிரிட்ஜில். வேறு எவனுடைய கிட்டாராக இருந்தாலும் முதல் நாளே பார்த்திருப்பார். இவளை ஜெயிக்க வேண்டும் என்று நட்டையே கட்டிக்கொண்டு அழுததில், பிரிட்ஜைத் திருகிக்கூடப் பார்க்கவில்லை. கழற்றியபோது, பிரிட்ஜ் ஊன்றி ஆடுகிற விளிம்பு மழுங்கிப் பள்ளமாகியிருந்தது. புது பிரிட்ஜ் வாங்கி மாட்டினார். சுருதி நின்றது.

சுருட்டை வந்து வாசித்துப் பார்த்துவிட்டு, "இப்பதாண்ணே அக்காவோடது மாதிரி இருக்கு" என்றான்.

"அக்காவோடத நான் பண்ணல. அவளேதான் பண்ணிக்கிட்டா."

சுருட்டையின் முகம் மலர்ந்தது. "அக்காவா? அப்ப எங்கிட்ட இன்னொன்னு இருக்கு, அத அக்காகிட்டயே குடுத்துடறேண்ணே."

சுருக்கென்று தைத்தது. ஒருநாளில் போகிற வலி இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

"கொண்டு வா" என்றார். "லேப் முடிஞ்சு சாயங்காலமா வருவா. நான் இடம் ஒதுக்கி வைக்கறேன்."

சுருட்டை போனதும், தன் மேசையில் பரப்பியிருந்த அரங்களையும் திருப்புளிகளையும் ஒரு பக்கமாக நகர்த்தினார். முதலில் கொஞ்சம்தான் நகர்த்தினார். நின்று பார்த்துவிட்டு, சரிபாதியாக நகர்த்தினார்.