நாற்பது தொப்பிகள்

முதல் தொப்பி மதுசூதனனின் தகரக் கூரையில் விழுந்தது இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு, தைப்பொங்கலுக்கு மறுநாள் காலை. ஏணி வைத்து ஏறிப் பார்த்தான். விமானக் கப்டன்கள் போடும் கறுப்புத் தொப்பி. முன்விளிம்பில் பொன்னிழை வேலை, உள்பட்டியில் ஒரு வெள்ளைக்காரரின் பெயர். அந்த வாரம் ஹாலிஎலச் சந்தையில் உருளைக்கிழங்கு விலை ஏறியிருந்தபடியால் ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மதுசூதனன் விமானி. ஹாலிஎலவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் கணக்கும் பேர்ப்பதிவும் பார்க்கும் பெரிய கிளாக்கராக இருந்த கனகசபையின் ஒரே மகன். கனகசபை யாழ்ப்பாணத்துக் காணியை விற்று மகனைப் படிக்கவைத்தார். தொண்ணூற்றாறில் மகன் வளைகுடாவில் ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்தான். நியமனக் கடிதத்தைச் சட்டம் போட்டுச் சாமிப் படங்களுக்கு நடுவே மாட்டிவிட்டு, மறுவருடம் கனகசபை நிம்மதியாகக் கண்ணை மூடினார். இரண்டாயிரத்து ஒன்றில் அமெரிக்காவில் கோபுரங்கள் விழுந்தன. சனங்கள் விமானம் ஏறப் பயந்தார்கள். நிறுவனம் கடைசியாகச் சேர்ந்த துணை விமானிகளைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. இது வேலைநீக்கம் அல்ல, இடம் காலியாகக் காலியாக வரிசைப்படி திரும்ப அழைப்போம் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. வரிசையில் மதுசூதனன் நாற்பத்தோராவது ஆள். அவனுக்கு அடுத்தவன் பதுளை டவுனைச் சேர்ந்த ஜௌபர்.

மூன்றாவது தொப்பி விழுந்த பிறகுதான் ஜௌபர் வளைகுடாவுக்கு டெலிபோன் கோல் எடுத்து விசாரித்தான். மூன்று பெயர்களும் அறுபது வயதாகி ஓய்வுபெற்ற கப்டன்களுடையவை. ஒரு கப்டன் போனால் கீழே இருப்பவர்கள் படி ஏறுவார்கள், அடியில் ஓரிடம் காலியாகும், வீட்டிலிருக்கும் ஒருவனுக்கு அழைப்பு வரும். விஷயம் அவ்வளவுதான். தன் வீட்டில் ஏன் ஒன்றும் விழவில்லை என்று ஜௌபர் கொஞ்சம் மனத்தாங்கல் பட்டான். பிறகு, தன்னுடையது கொங்கிரீட் கூரை என்பதால் இருக்கும் என்று சமாதானமாகி, தகப்பனின் டயர் கடையில் உட்கார்ந்துவிட்டான்.

மதுசூதனன் வேறெதிலும் உட்காரவில்லை. ஞாயிறுதோறும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டான். ஆறு மாதத்துக்கொருமுறை விமானி லைசன்சுக்கான மருத்துவச் சோதனைக்குக் கொழும்புக்கு ரயிலேறினான். மனைவி சுலோஜனா தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கணித ஆசிரியர் வேலை கேட்டு வைத்தாள். "இன்னும் பதினேழு தொப்பிதானே" என்றான். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அந்த வருடங்களில் அவனுக்குப் பெரிதாகத் துக்கமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. சாப்பிடும்போதும் காது மட்டும் கூரையில் இருந்தது.

விழுந்த தொப்பிகளில் ஒன்றை முதலில் கேட்டு வாங்கியவள் பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கும் நல்லம்மா. "சின்னய்யா, சும்மாதானே கெடக்கு. மழைக்குப் போட்டுக்கிறேன், குடுங்க" என்றாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் வந்தார்கள். இரண்டாயிரத்து ஆறில் ஏழாம் நம்பர் மலை முழுக்கக் கப்டன்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். தொப்பிக்கு மேலே கூடைக் கயிறு, முதுகில் கூடை. தோட்டத்துத் துரை ஆளனுப்பித் தனக்கும் ஒன்று கேட்டார். அவருடையது ஆபீஸில் ஆணியில் தொங்கியது.

அந்த வருடம் ஒக்டோபர் கடைசியில் நாற்பதாவது தொப்பி விழுந்தது. நாற்பது பேர் திரும்ப அழைக்கப்பட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். அடுத்தது மதுசூதனன். சுலோஜனா பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள்.

நவம்பர் இருபத்து மூன்றாம் திகதி விமானிகளின் வயதெல்லையை உலகம் அறுபதிலிருந்து அறுபத்தைந்தாக்கியது. அன்றைக்கு வியாழக்கிழமை. பகல் கொழுந்து நிறுக்கும் நேரம், பெண்கள் கூடைகளை இறக்கி வரிசையாக வைத்திருந்தார்கள். தலைகளிலிருந்த தொப்பிகள் மெல்லக் கிளம்பி, ஓராள் உயரத்தில் ஒருகணம் நின்று, பண்டாரவளைப் பக்கமாகப் பறந்து போயின. துரையின் தொப்பி ஆபீஸ் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போனது. நிறுவனம் புதிதாக விமானங்கள் வாங்கியிருந்தது. அவற்றுக்கு நாற்பது விமானிகள் தேவைப்பட்டார்கள். அறுபத்தைந்து ஆகாத பழைய கப்டன்கள் நாற்பது பேரையும் அது திரும்பக் கூப்பிட்டிருந்தது. மதுசூதனன் வாசலில் நின்று பார்த்தான். முப்பத்தொன்பது எண்ணினான்.

நல்லம்மா கொழுந்து பறிக்கும் நிரை மலை உச்சியில் என்பதால் அவள் நிறுவைக்குப் பிந்தி வந்துகொண்டிருந்தாள். கூடை முதுகில் இருந்தது. தொப்பி கயிற்றுக்கடியில் கிடந்து துடித்தது, போக முடியவில்லை. அது லிண்ட்குவிஸ்ட் என்ற கப்டனுடையது. அந்த மனிதர் அன்று காலை சட்டை மாட்டி, சப்பாத்துப் போட்டு, தலையில் வைக்கத் தொப்பி இல்லாததால் திரும்பப் போய்ப் படுத்துவிட்டார் என்று ஜௌபர் விசாரித்துச் சொன்னான். பத்தாம் நாள் மதுசூதனனுக்குப் பதிவுத் தபால் வந்தது. ஓரிடம் காலி, பதினான்கு நாளுக்குள் வந்து சேரவும்.

தொப்பி போனால் லிண்ட்குவிஸ்டும் வேலைக்குப் போவார், அந்த இடமும் போய்விடும். வேறு கயிறு கட்டிப் பார்த்தார்கள், தொப்பி உருவிக்கொண்டு கிளம்பியது. துண்டால் இறுக்கினார்கள், துண்டோடு எழும்பியது. பாரம் தொங்கும் கூடைக் கயிறு ஒன்றுக்குத்தான் அது அடங்கியது. நல்லம்மா கூடைக்குள் அம்மிக்குழவியைப் போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினாள்.

மதுசூதனன் பயணம் சொல்லப் போனபோது அவள் அப்படித்தான் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். வேண்டாம், இறக்கிவிடுங்கள் என்று சொல்லத்தான் அவன் போனான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ரெண்டாயிரத்து எட்டு மார்ச் பதினொண்டிலை அந்தக் கப்டனுக்கு அறுபத்தைஞ்சு முடியுது. அண்டைக்கே கோல் எடுத்து இறக்கச் சொல்லுறன்."

"போயிட்டு வாங்க சின்னய்யா. வயசாயிருச்சுன்னு செக்ரோல் பதிவுல எங்கம்மா பேர வெட்டினப்ப, பெரிய கிளாக்கரையாதான் ஒடனே எம் பேரப் பதிஞ்சாரு. ஒரு பேரு போனா ஒரு பேரு வரணும்ல" என்றாள் நல்லம்மா. கயிறு அறுக்காமலிருக்க அவன் ஒரு மெல்லிய துவாயை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தான். திகதியைப் பொக்கட் டயரியில் எழுதிக்கொண்டான்.

நன்றாகத்தான் பறந்தான். இரண்டு மாதத்தில் ஜௌபருக்கும் அழைப்பு வந்தது, ஆனால் அவனுக்கு டயர் கடையை விட்டு எழும்ப மனம் வரவில்லை. பழைய கப்டன்களுக்கு ஒவ்வொருவராக அறுபத்தைந்து முடிய, தொப்பிகள் மறுபடி கூரையில் விழுந்தன. சுலோஜனா எடுத்துப் பரணில் அடுக்கினாள். இரண்டாயிரத்து எட்டு மார்ச் பதினொன்றாம் திகதி மதுசூதனன் ஃபிராங்ஃபர்ட்டில் ஒரு ஹோட்டலில் இருந்தான். டயரி பழைய கோட்டுப் பையில் இருந்தது. அவன் நன்றாகத் தூங்கி எழுந்து, முட்டை சாப்பிட்டு, விமானத்தை ஓட்டிக்கொண்டு போனான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் உலகத்து வங்கிகள் படுத்தன, சனங்கள் விமானம் ஏறுவது குறைந்தது, அவனைத் திரும்ப வீட்டுக்கு அனுப்பினார்கள். சித்திரையில் வந்து சேர்ந்தான். மறுநாள் காலை லயத்துப் பக்கம் நடந்தபோது நல்லம்மா முதுகில் கூடையோடு கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் அப்படியே நின்றான். அவளுக்குப் போன வருடமே அறுபதாகிவிட்டது என்பதை அந்த வழியே வந்த கங்காணி கணபதிதான் சொன்னார். பேரை வெட்டினால் மகள் யசோதினியின் பேரைப் பதியலாம். ஆனால் கூடை இறக்காத ஆளின் பேரைச் செக்ரோலில் வெட்டுகிற வழக்கம் இல்லை. "அந்தப் புள்ள ஒரு வருசம் பெரட்டுக்களத்துல, வேலைக்குப் பேர் கூப்பிடுவாங்கன்னு வந்து வந்து நின்னுச்சுங்க. அப்புறம் கொழும்புக்குக் கார்மன்ட் வேலைக்குப் போயிருச்சு" என்றார்.

மதுசூதனன் நல்லம்மாவிடம் போனான்.

"அந்த மனுசனுக்கு அறுபத்தைஞ்சு முடிஞ்சு ஒரு வருசமாச்சுது. நான் மறந்துபோனன்."

அவள் கையிலிருந்த தீனியைப் போட்டு முடித்தாள். "அப்ப எறக்கிறலாங்களா?"

அவன் கூடையை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினான். தொப்பி அசையவில்லை. அதைக் கழற்றியபோது உச்சந்தலையில் விரல் புதையுமளவுக்குக் கயிற்றின் தடம் பதிந்திருந்தது. அவள் உள்ளே போய்ப் பாயை விரித்து மல்லாந்து படுத்தாள். ஏழு வருடமாக எதுவும் உறைக்காதிருந்த மனிதனுக்கு அப்போது வெட்கமாக இருந்தது. முகம், காது, கழுத்தெல்லாம் சுட்டது.

மேட்டிலிருந்த அவன் வீட்டுக் கூரையில் தொப்பி ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. அவன் போகவில்லை. கூடைக்குள் கிடந்த அம்மிக்குழவியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் தூங்கி எழும்வரை லயத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.