இருமல் இல்லாத நாலு நாள்

இப்படியொரு கேவலமான சுற்றுலாவை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. மலேசியா, ஆறு நாள், முப்பத்திரண்டு பேர். எல்லாரும் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் அவர்கள் வீட்டுக்காரிகளும்தான். கூட்டிப்போனவன் வல்லரசு. என்னோடு சேர்ந்து கிரேனில் உட்கார்ந்து கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கியவன், இப்போது கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு எங்களை ஆட்டு மந்தை மாதிரி ஓட்டினான். சாக்லெட் கடையில் முக்கால் மணி நேரம், தலையணைக் கடையில் ஒரு மணி நேரம், கடற்கரையில் பத்தே நிமிஷம். காலையில் ஹோட்டல் நாஸ்தாவுக்குப் போனால், நம் ஆட்கள் அவித்த முட்டைகளை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பைக்குள் அடைக்கிறார்கள். கருமம், பார்க்கவே குமட்டியது.

இதில் என் மனைவி ரோசிக்கு இருமல் வேறு. எட்டு வருஷமாக இருக்கிறது. நிலக்கரித் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் எண்ணூர் வீட்டில் ஒரு நாளைக்கு ஆறு தடவை இன்ஹேலர் இழுத்தால்தான் அவளுக்குப் பொழுது போகும். முதல் நாள் பஸ்ஸில் அவள் இருமியதும் முன்சீட்டு அன்புக்கரசி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா வியாதியோ? சொல்லிட்டு வரக் கூடாதா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

நான் எழுந்தேன். ரோசி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டாள். இல்லையென்றால் அன்றைக்கே சண்டைதான்.

ஐந்தாம் நாள்தான் கவனித்தேன். வண்டியில் ஏறினால் ரோசிக்கு ஜெபமாலை சொல்லியாக வேண்டும். வீட்டில் ஒரு மங்கள வார்த்தை ஜெபத்தை முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சுக்கு நிற்பாள். அன்றைக்கு ஜெபமாலையில் பத்து மணிகளையும் ஒரே ஓட்டமாக, நிற்காமல் உருட்டிவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏய், இன்ஹேலர் எங்க?"

"பையில கீது. ரெண்டு நாளா எடுக்கல."

"ஏன் எடுக்கல?"

"இருமல் வரல. அதான் எடுக்கல. இது ஒரு கேள்வியா?"

நேராக வல்லரசுவிடம் போனேன். "நாங்க நாளிக்கு ஊருக்கு வரல. எங்க டிக்கெட்ட நாலு நாள் தள்ளிப் போடு," என்றேன்.

"இன்னா மாமு, இந்த வயசுல ஹனிமூனா?" என்று அவன் மைக்கிலேயே கேட்டான். பஸ் முழுக்கச் சிரிப்பு. "தனியா போயி எங்கனா மாட்டிகினு பேஜாராச்சின்னா என்னக் கூப்புடாத, ஆமா."

"உன்ன கூப்புட்றதுக்கு நான் நடந்தே ஊர் வந்துடுவேன், போடா," என்றேன். செங்கல்பட்டிலிருந்து மகன் டெரிக்கும் போன் போட்டு, "நைனா, தனியா சமாளிப்பீங்களா?" என்று கேட்டான். அவன் கேட்டதிலாவது அக்கறை இருந்தது.

மறுநாள் அவர்கள் விமான நிலையத்துக்குப் போனார்கள். நாங்கள் பஸ் பிடித்துக் கேமரன் மலைக்குப் போனோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மாயா என்கிற தமிழ்ப் பெண் லாட்ஜ் வைத்திருந்தாள். "ரூம்பு மூணாவது மாடிலதான் இருக்கு. ஏறிடுவீங்களாம்மா?" என்று கேட்டாள். ரோசி பையையும் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று ஏறினாள். நான்தான் பாதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாலு நாளும் ஒரு இருமல் இல்லை. தேயிலைத் தோட்டத்து மேட்டில் பேசிக்கொண்டே நடந்தாள். சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டு, வல்லரசு விசில் ஊதுவதை நடித்துக் காட்டினாள். அப்படி ஒரே மூச்சில் அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. நான் மலையையா பார்த்தேன்? அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை வெந்நீரில் குளித்துவிட்டுக் காறித் துப்பினேன். வாஷ்பேசினில் கறுப்பாக விழுந்தது. நான் கரிப்பக்கம் போய் மூன்று வருஷம் ஆகிறது. அப்படியென்றால் இது வேலையில் ஒட்டியது இல்லை, வீட்டில் குடித்த காற்று. இதைத்தான் அவளும் ராத்திரி பகலாகக் குடித்துக்கொண்டிருக்கிறாள். சீ என்றாகிவிட்டது. குழாயைத் திறந்து வெகுநேரம் வாஷ்பேசினைக் கழுவினேன்.

ஊர் திரும்பி, மத்தியானம் பூட்டைத் திறந்தோம். பூட்டிக் கிடந்தது பத்தே நாள். தரை, கட்டில், கவிழ்த்து வைத்த தட்டு, மாதா சுரூபத்தின் தலை, எல்லாவற்றிலும் கரித்தூள். ரோசி உள்ளே நடந்த இடமெல்லாம் கால் தடம். புழுக்கமாக இருக்கிறதே என்று நான் போய் ஜன்னலைத் திறந்தேன். அவ்வளவுதான், அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நின்ற இடத்திலேயே குனிந்து, பையைத் துழாவி, இன்ஹேலரை எடுத்து இழுத்தாள்.

"ரோசி, ஒரு விஷயம் கண்டுபுடிச்சேன்," என்றேன். அதில் எனக்குப் பெருமை வேறு. "கோளாறு உன் ஒடம்புல இல்ல. இந்த ஊரு காத்துலதான் கீது."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இத கண்டுபுடிக்க நீ பிளேன் ஏறணுமாயா? ஆறு வருசம் முன்னாடி அக்கா வூட்டுக்கு, பட்டுக்கோட்டைக்கு, பதினஞ்சு நாளு போய் வந்தேனே. அங்க இருமலே வரலன்னு சொன்னேன். நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொன்னேன்?"

"வூட்டு வேலைக்கு ஒடம்பு வளையல, அதான் அக்கா வூடு இனிக்குதுன்னு சொன்ன. டெரிக் வூடு கட்றப்போ நமக்குன்னு ஒரு ரூம்பு போட்டான். மருமவ கையப் பாத்துகினு குந்தணுமான்னு கேட்ட. அப்பால நான் இன்னாத்த சொல்றது?"

சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரன் இருக்கும்போது சொன்னேன். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். அவள் இருமிக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். த்தூ! நானெல்லாம் ஒரு மனுஷன்! முட்டை திருடியவர்களைப் பார்த்துக் குமட்டுகிறதாம் எனக்கு!

டெரிக்குக்குப் போன் போட்டேன். "நைனா, வந்துட்டீங்களா?" என்றான்.

"வந்துட்டோம். நாங்க அங்க வரலாம்னு கீறோம்டா."

"தாராளமா வாங்க. எத்தினி நாளிக்கு?"

போனை ரோசியிடம் நீட்டினேன். அவள் வாங்கி, "டெரிக்கு..." என்றாள். அதற்கு மேல் இருமல் விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அவள் கையிலிருந்த போனை நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"பையப் பிரிக்காதம்மா," என்றான் டெரிக். "நான் வண்டி எடுத்துகினு வரேன். நைனா வரலன்னாலும் நீ கெளம்பிடு."